பவதாரிணி லேட்டாக வந்த காரணங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திருநகரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் பாண்டிமீனா டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்றபோது சொன்னது. அதையும் கதையாகச் சொல்லவில்லை. தன்மீது தானே கொடுக்கும் புகாராகச் சொன்னார். "ஒரு புள்ளகிட்ட இருந்து திருடிட்டேன்ணே" என்றார். கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

நான் கதை எழுதுகிறவன் என்பது டீச்சருக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் நான் என்ன செய்வேன் என்பதும் தெரியும். "எழுதுங்க. ஆனா எழுதுனத எங்கிட்ட காட்டணும். நான் திருத்துவேன்" என்றார். இருபத்தாறு வருடமாகச் சிவப்பு மையில் திருத்திய கை அது. யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கீழே அங்கங்கே அடைப்புக்குறிகளும் பாதியில் நின்றுபோன வாக்கியங்களும் வரும். அவையெல்லாம் அந்தக் கை பட்ட இடங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வகுப்பறைக்குள் காலடி எடுத்து வைத்தபோது பாண்டிமீனாவின் கண்கள் பனித்—"

(ஓரத்தில் சிவப்பில்: பனிக்கல. உள்ள போனதும் ஒரு புள்ள வாந்தி எடுத்துச்சு. மண்ணு அள்ளிப் போட்டேன்.)

இரண்டாம் முயற்சி. இதற்கு டிக் கிடைத்தது:

பாண்டிமீனா டீச்சருக்கு வயது நாற்பத்தொன்பது. முதல் பதினைந்து வருடம் தொடக்கப் பள்ளி வகுப்பறையில் இருந்தார். பிறகு பதினோரு வருடம், தல்லாகுளம் பக்கம் ஒரு பயிற்சி அலுவலகத்தில் மாற்றுப்பணி. மற்ற ஆசிரியர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பதும், அதற்கான கையேடு எழுதுவதும் வேலை. கையேட்டில் பாட்டு தேவைப்பட்டால் அவர்தான் எழுதுவார். "நெகிழிப் பையை விடுவோமே, நீரைச் சேர்த்து வைப்போமே" என்பது மாதிரி. எந்தப் பிள்ளையும் அந்தப் பாட்டை இரண்டாம் தடவை விரும்பிப் பாடியதாகத் தகவல் இல்லை.

ஒருநாள் பயிற்சியின் நடுவில், புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளம் டீச்சர் எழுந்து நின்றார். "கோச்சுக்காதீங்க மேடம். நீங்க கடைசியா எப்ப மூணாங்கிளாஸ் எடுத்தீங்க?" குத்திக் கேட்டதல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. பாண்டிமீனா வருடத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். இப்போது மூணாங்கிளாஸில் இருக்கும் எந்தப் பிள்ளையும் அப்போது பிறந்தேயிருக்கவில்லை என்பது உறைத்தது. 

அன்று மாலையே எழுதிக் கொடுத்தார்: என்னை என் வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள். அலுவலகத்தில் சிரித்தார்கள். வகுப்பிலிருந்து இங்கே வரத்தான் ஆளாளுக்குச் சிபாரிசு பிடிப்பார்கள். இங்கிருந்து அங்கே போக யாரும் மனு எழுதியதில்லை. மேலதிகாரி நல்லகாமன் சார் மனுவை மூன்று வாரம் மேசையில் வைத்திருந்தார். மனசு மாறிவிடும் என்று பார்த்தார் போல. மாறவில்லை.

3

கோச்சடைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள்.

முதல் வாரத்தில் அவர் எழுதிய கையேடே அவரைக் கவிழ்த்தது. "குழந்தைகளை வட்டமாக அமரச் செய்க: இரண்டு நிமிடம்" என்று அவரே ஒரு காலத்தில் எழுதியிருந்தார். உட்கார வைக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. உட்கார்ந்த பிறகும் அது வட்டமாக இல்லை. நடுவில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

"திரும்பிப் போயிரலாம்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணுச்சுண்ணே. தோணுனா போயிர முடியுமா? எழுதிக் குடுத்துட்டு வந்தவ நானு."

இரண்டாம் திங்கட்கிழமை, பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதினார். கரும்பலகையில் ஒரு சிறுமி வரைந்த ஆட்டைத் தெரியாமல் அழித்துவிட்டு, அவள் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்து, நின்ற இடத்தில் எழுதியது:

டஸ்டர் அக்கா டஸ்டர் அக்கா
என்ன செஞ்சீங்க?
போர்டுல நின்ன ஆட்டுக்குட்டிய
முழுங்கிப் போட்டீங்க!
புல்லு கொஞ்சம் பக்கத்துல
பச்சையா இருந்துச்சே
புல்ல மட்டும் விட்டுப்புட்டு
ஆட்டத் தின்னீங்க!

இதில் நீதி இல்லை. கற்றல் விளைவு இல்லை. ஆனால் மறுநாள் டஸ்டரைத் தொடவே பிள்ளைகள் யோசித்தார்கள். உள்ளே ஆடு இருக்கிறதாம், மெதுவாகத் தட்ட வேண்டுமாம். அதன் பிறகு டீச்சருக்குக் கை நிற்கவில்லை. காம்பஸ் பாக்ஸுக்கு ஒரு பாட்டு, பள்ளிக்கூடத்துத் தண்ணிக் குழாய்க்கு ஒரு பாட்டு, ஏழாம் வாய்ப்பாட்டைத் திட்டி ஒரு பாட்டு. வகுப்பு வழிக்கு வந்தது.

அவர் திருப்தியாக இருந்தார். திருப்தியாக இருக்கும்போதுதான் நாம் தப்புச் செய்கிறோம். [இந்த வாக்கியம் கட்டுரை மாதிரி இருக்கிறது என்று தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.]

4

இப்போது பவதாரிணி வர வேண்டும். அவள் எப்போதும் போல லேட்டாகத்தான் வருவாள்.

பெயர் நான் வைத்தது. வயது எட்டு. காலை உணவு உப்புமா முடிந்து, தட்டுக் கழுவி, வழிபாடும் முடிந்து, வருகைப் பதிவேட்டை மூடும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பாள். வாரத்துக்கு நாலு நாள் இப்படி. "ஏன்டி லேட்டு*?" என்று கேட்டால் தலையைக் குனிய மாட்டாள். நேராகக் கண்ணைப் பார்த்து, சிரிக்காமல், ஒரு காரணம் சொல்வாள். சொன்ன காரணத்தை மறுபடி சொல்ல மாட்டாள்.

(* பத்திரிகை நண்பர் ஒருவர் இதைத் 'தாமதம்' என்று மாற்றச் சொன்னார். மதுரையில் எந்தப் பிள்ளையும் வாசலில் நின்று தாமதம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.)

ஒரே ஒரு காரணத்தை மட்டும் இங்கே எழுத எனக்கு அனுமதி உண்டு. அனுமதி எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். "எங்க வீட்டு முன்னாடி புதுசா ரோடு போட்டாங்க டீச்சர். ரோடு காயணும்ல? நான் நின்னு விசிறிக்கிட்டு இருந்தேன்."

எப்படி இருக்கிறது! எனக்கு முப்பது வருடமாக எழுதியும் இப்படி ஒன்று வந்ததில்லை. பொறாமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

பாண்டிமீனாவும் அப்படித்தான் மயங்கினார். தினமும் அவள் சொல்வதை நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு காரணம் சேர்ந்ததும் அவற்றைக் கோத்து ஒரு பாட்டாகக் கட்டினார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் வகுப்பே சேர்ந்து "அதனால லேட்டு டீச்சர்!" என்று கத்த வேண்டும். தொடக்கம் இப்படி:

[இங்கே நான்கு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். ஏன் என்பது ஆறாம் பகுதியில்.]

வகுப்பு பாடியதை டீச்சர் செல்போனில் படம் பிடித்து, ஆசிரியர்கள் குழுவில் போட்டார். மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் கைதட்டல் பொம்மைகள். "டீச்சரின் கற்பனை வளமே வளம்" என்று ஒருவர். நல்லகாமன் சாரே கூப்பிட்டார். "பிரமாதம் டீச்சர். அடுத்த கையேட்டுல இதைப் போட்டுருவோம், உங்க பேரோட."

மறுநாள் பவதாரிணி சரியான நேரத்துக்கு வந்தாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

இங்கேதான் பதினோரு வருட அலுவலகப் பழக்கம் வேலையைக் காட்டியது. வேறு யாராவது என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். டீச்சர் நோட்டை எடுத்தார். "பாடல்வழிக் கற்பித்தலால் மாணவியின் காலந்தவறாமை மேம்பட்டுள்ளது" என்று எழுதி, நல்லகாமன் சாருக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

5

பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது டீச்சருக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது.

வாசி என்றால் வாசித்தாள். கணக்குச் சரியாகப் போட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. "என்னடா தங்கம், உடம்பு சரியில்லையா?" இல்லை என்று தலையாட்டல். "யாரும் அடிச்சாங்களா?" தலையாட்டல். பக்கத்துப் பிள்ளைகளோடு பேசுகிறாள், டீச்சர் வந்தால் நிறுத்திக்கொள்கிறாள். தன்னிடம் மட்டும்தான் பேசவில்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வகுப்புக்குத்தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்? அதில் வாயைத் திறந்து அவரிடம் அதிகம் பேசிய பிள்ளை இவள் ஒருத்திதான்.

அடுத்து அவள் வீட்டுக்குப் போகும் காட்சி. அதற்கு முன் என் குற்றம் ஒன்று. அவள் லேட்டாக வந்ததற்கு உண்மைக் காரணம் என்ன என்று டீச்சர் சொல்வதற்குள் நானே எழுதிப் பார்த்துவிட்டேன்.

வரைவு அ: அம்மா அதிகாலையில் வேலைக்குப் போய்விடுவதால், கைக்குழந்தைத் தம்பியைப் பவதாரிணிதான்—

வரைவு ஆ: ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்து—

இரண்டையும் படித்துவிட்டு டீச்சர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "ஏண்ணே, பொய் சொல்ற புள்ளைன்னா வீட்டுல எழவு விழுந்திருக்கணுமா?" என்றார். 

நடந்தது இது. பவதாரிணியின் அம்மா பெயர் இருளாயி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். டீச்சரைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி உட்காரச் சொன்னார்.

"காலையில வீட்டுல எதும் வேலை இருக்காம்மா அவளுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல டீச்சர். எட்டு மணிக்கெல்லாம் தலை பின்னி அனுப்பிருவேன். பத்து நிமிச நடை. வழியில எதையாச்சும் பாத்தா நின்னுருவா. நாய் படுத்திருந்துச்சுன்னா அது எந்திரிக்கிற வரைக்கும் நிப்பா. அம்புட்டுதான். இப்பத்தான் நீங்க திருத்திட்டீங்களே!" இருளாயிக்கு அதில் பெருமை. வீடியோவைத் தெருவே பார்த்ததாம்.

"அந்த வீடியோவ அவ பாத்தாளா?"

"பாத்தா. பாத்துட்டு ஒண்ணு சொன்னா டீச்சர், எனக்குச் சிரிப்பு தாங்கல. 'எம்பொய்யெல்லாம் டீச்சர் எடுத்துக்கிட்டாங்கம்மா. ஊருக்கே குடுத்துட்டாங்க. இனிமே எதச் சொல்லி உள்ள போறது? நேரத்துக்கே போயிர வேண்டியதுதான்'னா."

இருளாயி சிரித்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. அலுவலகத்தில் எழுதிய பாட்டுக்கு எந்தப் பிள்ளையும் சொந்தம் கொண்டாடியதில்லை, ஏனென்றால் அதில் எந்தப் பிள்ளையும் இல்லை. இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஆள் இருந்தது. எட்டு வயது ஆள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

6

மறுநாள் காலை, வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். "பவதாரிணி, உங்கிட்டக் கேக்காம உன் காரணத்தையெல்லாம் நான் எழுதிட்டேன். தப்புதான்." அவள் தலையாட்டினாள். பேசவில்லை.

மன்னிப்புக் கேட்டால் மூடிய வாய் திறந்துவிடும் என்று கையேட்டில் வேண்டுமானால் எழுதலாம்.

பிறகு நல்லகாமன் சாருக்குப் போன். "சார், அந்தப் பாட்டக் கையேட்டுல இருந்து எடுத்துருங்க."

"ஏன் டீச்சர்? அந்தப் புள்ள பேரையும் சேத்துப் போட்டுக்குவோம்."

"பேரு போடறதுல்ல சார் விஷயம். பாட்டப் போட்டாலே அந்தப் பொய்யெல்லாம் அவளுக்கு இல்லாமப் போயிருது."

"டீச்சர், இதை வச்சுத்தான் உங்கள மறுபடி இங்க கேக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார். எடுத்துருங்க." காலந்தவறாமை மேம்பட்டதாக எழுதிய வரியையும் அடிக்கச் சொன்னார்.

இதுவரை டீச்சர் சொல்லிக் கேட்டது. இதை எழுதி முடித்து ஆவலாக டீச்சரிடம் கொடுத்தேன். நான்காம் பகுதியில், அந்தப் பாட்டின் முதல் நான்கு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. பக்கத்தில்: "நீங்களும் எடுத்துட்டீங்களா அண்ணே?"

நான் வாதாடிப் பார்த்தேன். பாட்டில்லாமல் வாசகருக்கு எப்படி ருசி தெரியும், இது இலக்கியம், அது இது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் இதத்தான் சொல்லிக்கிட்டேன்" என்றார். எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்றாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பவதாரிணியிடமே கேட்டார். திருநகரில் ஒரு மாமா கதை எழுதுகிறார், உன் காரணம் ஒன்று அவருக்கு வேணுமாம், கொடுக்கலாமா? பிள்ளை வாயைத் திறக்கவில்லை. டீச்சர் எழுதிவைத்திருந்த பட்டியலை வாங்கி, விரலை ஓட்டி, ரோடு காய்ந்த வரியில் ஒரு டிக் போட்டாள். பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: பழசு. வச்சுக்கட்டும்.

7

இனி வருவதெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்தவை. அதனால் எனக்கே அடுத்த பக்கம் தெரியாது. டீச்சர் ஒவ்வொரு ஞாயிறும் கறி வாங்க வருவார், நான் அவருக்கு முன்னாலேயே போய் வரிசையில் நிற்பேன்.

அடுத்த திங்கட்கிழமை பாண்டிமீனா எட்டு ஐம்பதுக்கே பள்ளிக்கு வந்து, செல்போனில் வருகையைப் பதிந்து, வழிபாட்டில் நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். டீச்சர் போகவில்லை. தண்ணிக் குழாய் பக்கம் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு வகுப்பு வாசலில் வந்து கதவைத் தட்டினார்.

"நான் லேட்டு. ஏன் லேட்டுன்னு கேளுங்க."

முப்பத்தொரு பேரும் விழித்தார்கள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டது: "ஏன் டீச்சர் லேட்டு?"

"வண்டி பஞ்சர்."

 முத்துமீனா என்ற சிறுமி எழுந்தாள். "எங்கப்பாவுக்கு நெசமாவே பஞ்சர் ஆச்சு டீச்சர். இது செல்லாது."

"அப்ப என்ன செய்யணும்?"

"வெளிய நில்லுங்க."

நின்றார்.

செவ்வாய்க்கிழமை, காக்கா வண்டிச் சாவியைத் தூக்கிப் போனதாகச் சொன்னார். காக்கா வடையைத்தான் தூக்கும் என்று தீர்ப்பு வந்தது. புதன்கிழமை, வழியெல்லாம் கிடந்த குப்பையைப் பொறுக்கிக்கொண்டே வந்ததாகச் சொன்னபோது வகுப்பே ஒரே குரலில் "அய்யய்ய" என்றது. பழக்கதோஷம், நீதி வந்துவிட்டது. அன்று பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டியிருந்தது. பவதாரிணி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை, குப்பைக் காரணத்தைக் கேட்டு அவள் முகம் சுளித்தது. அதை டீச்சர் பார்த்துவிட்டார். அந்தச் சுளிப்பை நம்பித்தான் மேற்கொண்டு நின்றார்.

தலைமை ஆசிரியர் ஹாலாஸ்யம் சாரை இந்த இடத்தில் வில்லனாக எழுதியிருந்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி, புருவத்தை—

(சிவப்பில்: அவரு சேர் போட்டவரு. ஒழுங்கா எழுதுங்க.)

ஒழுங்காக எழுதுகிறேன். ஆறாம் நாள் வராந்தாவில் வந்த ஹாலாஸ்யம் சார் நின்றார்.

"என்ன டீச்சர் வெளியில நிக்கிறீங்க?"

"லேட்டு சார்."

"எட்டு அம்பதுக்கே பதிஞ்சிருக்கீங்களே?"

"உள்ள விட மாட்டேங்கிறாங்க சார்."

"யாரு?"

"மூணாங்கிளாஸ்."

அவர் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இது எத்தனை நாளைக்கு?"

"ஒரு புள்ள பேசுற வரைக்கும் சார்."

"மேல இருந்து யாராவது பார்வைக்கு வந்தா?"

"அவங்களுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிறேன் சார்."

ஹாலாஸ்யம் சார் போய்விட்டார். மறுநாள் அதே இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது.

8

பதினோராம் நாள். டீச்சர் காலையிலேயே ஒரு காரணத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். பைபாஸ் ரோடு முழுக்க வண்டியில் வரும்போதே சொல்லிப் பார்த்தாராம். அவருக்கே பிடித்திருந்தது.

"ஏன் டீச்சர் லேட்டு?"

"வர்ற வழியில என் நிழலு கோச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு. சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாரேன்."

வகுப்பு யோசித்தது. முத்துமீனா "செல்லும்" என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தாள்.

"வெயிலே இல்லையே."

மூன்றாம் வரிசை. பவதாரிணி. பத்தொன்பது நாளைக்குப் பிறகு டீச்சரிடம் சொன்ன முதல் வார்த்தை.

"காலையில இருந்து மேகமா இருக்கு டீச்சர். நிழலு எப்படி வரும்? பொய் சொல்றதா இருந்தா வெளிய எட்டிப் பாத்துட்டுல்ல சொல்லணும்?" குரலில் கோபம் இருந்தது. இத்தனை நாள் இத்தனை மோசமான பொய்களைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கோபம்.

டீச்சரின் கை தன்னால் பேனாவுக்குப் போனது. அந்த வரியைக் குறித்துக்கொள்ள. பவதாரிணி அந்தக் கையைப் பார்த்தாள். டீச்சர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். [பவதாரிணி சொன்ன அந்த வரி மட்டும் எப்படி இங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இது காரணம் இல்லையாம், திட்டுதானாம். திட்டு வாங்கியவருக்கே சொந்தம் என்று டீச்சர் சொன்னார்.]

"சரி. நான் திரும்ப வெளிய போயி, வேற சொல்லட்டா?"

"போயிட்டு வாங்க" என்றாள் பவதாரிணி.

டீச்சர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து கதவைத் தட்டினார். மேகமெல்லாம் கீழே இறங்கி வந்து வைகைக்கு எப்படிப் போவது என்று கேட்டதாகவும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி சொல்லிவிட்டு வருவதாகவும் சொன்னார்.

பவதாரிணி கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. உள்ள வாங்க."

9

இங்கே முடித்திருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் டீச்சர் முடிக்க விடவில்லை. "அவ எனக்குப் பேசுனா. அவளுக்கு இன்னும் பேசலையே அண்ணே" என்றார். உண்மைதான். அதற்குப் பிறகு பவதாரிணி டீச்சரின் காரணங்களைத் திருத்தினாள், லேட்டாக வந்த மற்ற பிள்ளைகளின் காரணத்துக்குத் தீர்ப்புச் சொன்னாள். ஆனால் அவள் மட்டும் சரியான நேரத்துக்கு வந்தாள். நாள் தவறாமல். சொந்தமாக ஒன்றும் சொல்லாமல்.

எனக்கோ பத்திரிகைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஆண்டுவிழா மேடை. பவதாரிணி மைக் முன்னால் நின்று தன் பாட்டைத் தானே பாடுகிறாள். கைதட்டல். முன்வரிசையில் இருளாயி கண்ணைத் துடைக்கிறார். இதைக் கேட்ட டீச்சர், "மறுபடியும் ஊருக்கா?" என்றார். சரி, வேண்டாம்.

முடிவு இரண்டு: பிள்ளை கடைசிவரை திறக்கவில்லை. டீச்சர் தோற்று, தல்லாகுளத்துக்கே திரும்புகிறார். கனமான பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். டீச்சரிடம் இதைக் காட்டவே பயமாக இருந்தது. காட்டினேன். படித்துவிட்டு, "கெடுவு உங்களுக்குத்தானண்ணே, எனக்கு இல்ல. வருஷம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. அப்பவும் பேசலைன்னா நாலாங்கிளாசுக்கு அவ கூடவே நானும் போறேன். ஹாலாஸ்யம் சார்கிட்ட கேட்டாச்சு" என்றார்.

இந்தப் பெண்மணியைத் தோற்கடிப்பது என் கையில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்திரிகைக்குப் போன் போட்டு, கதை லேட்டாகும் என்று சொன்னேன்.

10

ஒரு வியாழக்கிழமை, வழிபாடு முடிந்து மணி அடித்தது. டீச்சர் வகுப்புக்குள் வந்தார். மூன்றாம் வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது.

 டீச்சர் கழித்தல் கணக்கை எழுதிப் போட்டார். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட வாத்தியார் யாரும் இருக்க மாட்டார்கள். சந்தோஷத்தோடு பயமும் இருந்தது, நிஜமாகவே காய்ச்சலாக இருந்தால்? வாசலைப் பார்க்கக் கூடாது என்று கரும்பலகையைப் பார்த்தே நின்றார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கதவு தட்டப்பட்டது.

பவதாரிணி. பை தோளில் இருந்தது. ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. முழங்கால் வரை சேறு.

டீச்சர் சாக்பீஸை வைத்தார். பாடக்குறிப்பு நோட்டை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். பேனாவையும் போட்டார். பூட்டினார். சாவியைப் பவதாரிணியிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்டி லேட்டு?" என்று கேட்டார் டீச்சர்.

அவள் சொன்னாள். ஏழு நிமிடம் சொன்னாளாம். நடுவில் ஒரு தடவை வகுப்பு சிரித்ததாம், பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். முத்துமீனா மேசைமேல் ஏறி நின்று கேட்டாளாம். ஹாலாஸ்யம் சார் வராந்தாவில் நடையை நிறுத்திவிட்டாராம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டேன். "அது அங்க சொன்னதுண்ணே" என்றார் டீச்சர். எத்தனை விதமாகக் கேட்டும் அதே பதில்தான். கோபம் வந்தது எனக்கு. இத்தனை மாதம் எழுதியிருக்கிறேன், இத்தனை சிவப்பு மை வாங்கியிருக்கிறேன், கடைசி ஏழு நிமிடத்தைத் தர மாட்டேன் என்றால்?

நானே ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன். சேறு இருக்கிறது, அவிழ்ந்த பின்னல் இருக்கிறது. மூன்று காரணம் எழுதினேன். மூன்றும் என் வயசில்தான் இருந்தன, அவள் வயசில் இல்லை. கிழித்துவிட்டேன்.

பிறகு திங்கட்கிழமை சாயங்காலம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோச்சடைக்கே போனேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். கேட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தினேன். சட்டைப் பையில் சாக்லேட் வைத்திருந்தேன். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும், முப்பது பேருக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கும். ஒரு சிறுமி என்னை நேராகப் பார்த்துக்கொண்டே போனாள். அவளாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. சாக்லேட்டை வீட்டில் நானே தின்றேன்.

அதனால் கதை இந்த இடத்தில் நிற்கிறது. உள்ளே ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. நீங்களும் நானும் வந்து சேர்ந்தது லேட்டு. அவள் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நின்றால், நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். உள்ளே போக வழி ஒன்றே ஒன்று. கதவைத் தட்டி, நீங்கள் ஏன் லேட்டு என்று சொந்தமாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது நீங்கள்.